உப்புத் தரையில் ஓர் இரும்பு வளையம்

இன்றைய பதிவு கழிவறையைப் பற்றியது. சாப்பிட்டுக்கொண்டே செல்போன் பார்க்கிறவர்கள் கை கழுவிவிட்டு வந்து படிக்கலாம்.

தோணிரேவில் இருக்கும் என் அக்காவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குத்துக்காலிட்டு உட்கார முடியாது என்பதால்தான் அந்த வீட்டில் வெஸ்டர்ன் கமோடு. போன மாதம் போயிருந்தபோது, மாலை ஐந்து மணிக்கு மேல் அக்கா தண்ணீரே குடிப்பதில்லை என்பதைக் கவனித்தேன். காபியும் வேண்டாமாம். கேட்டால் மழுப்பல். கடைசியில் அவர் மருமகள்தான் சொன்னாள்: கமோடு ஆடுகிறது, ஒரு நாள் உட்காரும்போதே சாய்ந்துவிட்டது, அதிலிருந்து இரவில் அந்தப் பக்கம் போகவே பயப்படுகிறார். "ராத்திரியில யாரைடா எழுப்புறது? பகலெல்லாம் உழைச்சுட்டுத் தூங்குதுங்க" என்றார் அக்கா. சித்திரை வெயிலில், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்! சிறுநீர்த் தொற்று வந்து மருந்தும் சாப்பிட்டிருக்கிறார். ஊசி போட்ட இடத்தில் யாரும் கமோடைப் பற்றிக் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன். கமோடின் அடியைச் சுற்றி வெள்ளை சிமென்ட் இரண்டு முறை பூசியிருந்தது. கசிந்தது, கொத்தனார் பூசினார். மறுபடி கசிந்தது, மறுபடி பூசினார். வெளியே வர வழியில்லாத தண்ணீர் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. நாற்றம் மட்டும் அடைபடவில்லை.

ப்ளம்பர் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் பழவேற்காட்டிலேயே இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். மறுநாள் காலை வந்து, போல்ட்டுகளைத் திருப்பப் பார்த்தான். திரும்பவில்லை, தலை உதிர்ந்து கையோடு வந்தது. பிளேடால் அறுத்துக் கமோடைத் தூக்கி ஓரமாக வைத்தான். குழாய் வாயில் பழந்துணியை அடைத்தான். விஷவாயு மேலே வராது, உடைக்கிற கல்லும் உள்ளே விழாது.

கமோடையும் தரைக்குழாயையும் இணைக்கிற வளையத்துக்குப் பிளாஞ்ச் என்று பெயர். கமோடைத் தரையோடு பிடித்து நிறுத்துவதும் அதுதான். 1996-ல் வீடு கட்டியபோது போட்ட இரும்பு வளையம். அதில் பாதி இல்லை. மீதி, நமத்த அப்பளத்தை அடுக்கி வைத்தது போல ஏடு ஏடாக வந்தது.

என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அதற்குள் இருக்கும் இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிக் காப்பாற்றும். குளோரைடு போய்ச் சேர்ந்தால் அந்தப் படலம் உடையும். தோணி வந்து நிற்கும் துறை என்று பெயரிலேயே சொல்லும் ஊர் இது (ரேவு தெலுங்குச் சொல்). எதிரே இருப்பது சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. காற்றிலும் மண்ணிலும் உப்பு, கான்கிரீட் கலக்க ஊற்றிய கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு. துரு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதனால் சுற்றியிருந்த தரையும் வெடித்திருந்தது.

வளையத்தை மட்டும் மாற்றலாம் என்றேன். அவன் பதில் சொல்லாமல், பார்வைக்கு முழுசாக இருந்த வார்ப்பிரும்புக் குழாயைப் பேனாக்கத்தியால் சுரண்டினான். மரம்போலச் சீவ வந்தது! விரலில் பென்சில் கரி. வார்ப்பிரும்பில் உள்ள கார்பன் கிராஃபைட்டாக இருக்கிறது. உப்பு நீர் இரும்பைக் கரைத்துக்கொண்டு போனபின் கிராஃபைட்டும் துருவும் அதே உருவத்தில் நிற்கும். குழாய் மாதிரி இருக்கும், குழாய் இருக்காது. முப்பது வருடம் பாடம் நடத்திய நான் அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"தலையை மட்டும் மாத்துனா ஆறு மாசம் சார். அப்புறம் திரும்ப என்னைத்தான் கூப்பிடுவீங்க" என்றான்.

சுவர் வரைக்கும் ஐந்தடி உளியால் உடைத்தோம். ஒன்றரை அடி போனதும் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. கோடையிலேயே நிலத்தடி நீர் அவ்வளவு பக்கம். இத்தனை நாள் கசிந்ததெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மருமகள் மட்டும் ஜன்னல் வழியாகக் கைப்பம்பைப் பார்த்தாள். முப்பதடி தூரம்.

110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், நாற்பதடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு. கலவைக்குக் கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று லாரித் தண்ணீர் இரண்டு குடம். பிளாஞ்சும் பி.வி.சி.தான். அதை டைல்ஸுக்கு அடியில் புதைக்காமல் மேலே உட்கார வைத்தான். அப்போதுதான் ரப்பர் வளையம் சரியாக அழுந்துமாம். போல்ட் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதிலும் 316 ரகம். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் குளோரைடைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சாதாரண 304-ஐவிட விலை அதிகம், கடைக்காரர் நம்மூரில் யாரும் கேட்பதில்லை என்றாராம். பள்ளத்தை மூடுவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றி, இணைப்புகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை. கமோடைச் சுற்றி சிலிக்கான் பூசியவன், பின்பக்கம் இரண்டு விரல் அகலம் பூசாமல் விட்டான். "நாளைக்குக் கசிஞ்சா அது வழியா வெளிய தெரியணும் சார்."

கூலியும் பொருளும் சேர்த்து 9,200 ரூபாய். சிமென்ட் இறுக இரண்டு நாள் அக்கா பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தார். அந்த வீட்டு அம்மா பனையோலைக் கூடை பின்னுவதை நிறுத்திவிட்டுக் கைபிடித்து அழைத்துப்போவார். மூன்றாம் நாள் இரவு சாப்பிட்டதும் அக்கா சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இனி வெளியே இருக்கிற குழி. 2014-ல் தூய்மை இந்தியா திட்டம் வந்தபிறகு வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியத்தில் கழிவறைகள் வந்தன. கட்டியதைக் குறை சொல்லமாட்டேன். இருட்டும்வரை காத்திருந்த பெண்களுக்கு அது என்ன என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் மேட்டு நிலத்துக்குச் சரியான உறைக்குழி, தோண்டினால் தண்ணீர் வரும் ஏரிக்கரைக்குப் பொருந்தாது. மழையில் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பும், கழிவு திரும்பி வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் அக்கா வீட்டிலும் வந்தது. குழியைத் தரைக்கு மேலே உயர்த்தி, அடியை அடைத்து, சுற்றிலும் மணல் போர்த்திக் கட்ட வேண்டும். கைப்பம்புக்காக மட்டுமில்லை, இறாலும் நண்டும் அதே ஏரியில்தான் வளர்கின்றன.

கொத்தனார் ஆடிப்பெருக்கு கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும். எண்ணூர், காசிமேடு, பழவேற்காடு பக்கம் வீடு உள்ளவர்கள் இன்று ஒரு முறை கமோடை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கிறார்களா என்றும் பாருங்கள்.