அடுக்களைக் கதவுகள்

சமைக்கும் இடத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. அடுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த அட்டில் என்பது பழந்தமிழ்ச் சொல். அடுக்களை, சமையற்கட்டு, மடைப்பள்ளி எனப் பிற பெயர்களும் உண்டு. பெயர்கள் பழையவையாயினும், கதவு வைத்த அலமாரி அவ்விடத்தில் நுழைந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்னர் உறியும் பரணும் மாடக்குழியும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவைத்த அடுக்குப் பானைகளுமே பண்டங்களைக் காத்தன. அலமாரி என்னும் சொல்லே போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து தமிழில் தங்கிவிட்ட ஒன்று. சொல் எளிதாகத் தங்கிவிட்டது. பொருளோ தாளிப்பின் எண்ணெய்ப் புகைக்கும் உலைநீரின் ஆவிக்கும் நாள்தோறும் ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று.

பொங்கலுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடிப்பது தமிழர் வழக்கம். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, பளிச்சிடுவதற்காகச் சிறிது நீலம் சேர்த்து, நார் மட்டையால் பூசுவர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லாக இறுகும். தன் காரத்தன்மையால் கிருமிகளையும் ஒடுக்கும். ஆண்டுதோறும் இப்பேறு சுவர்களுக்குக் கிடைத்தது. அடுக்களையின் மரக்கதவுகளுக்குக் கிடைக்கவில்லை. கூடத்துச் சுவர் விருந்தினர் கண்ணில் படும். அடுக்களைக் கதவோ அங்கே நின்று சமைப்பவர் கண்ணில் மட்டுமே படும். வீட்டில் கடைசியாக நிறம் காணும் இடம் அதுவாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு சிற்றூர் வீட்டில் பதினான்கு கதவுகள் கொண்ட அலமாரி ஒன்று இருந்தது. வீடு கட்டியபோது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், தேக்கில் செய்யப்பட்டது அது. சன்னல் கம்பிகளுக்கு அடித்தது போக மீந்த பச்சை வண்ணமே அக்கதவுகளுக்கும் அடிக்கப்பட்டிருந்தது. அடுப்புக்கு அருகிலிருந்த கதவுகளில் பச்சை நிறம் பழுப்பேறி, தொட்டால் விரல் ஒட்டும் அளவுக்குப் பிசுக்கு ஏறிப்போயிருந்தது. பார்க்க வந்த தச்சர், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு ஒட்டுப்பலகையில் புதிதாகச் செய்துவிடலாம் என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அவ்வீட்டு அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கதவை விரல் மடக்கித் தட்டிக் காட்டினார்.

"கேட்டுப் பாருங்க தம்பி. இந்த மரத்துக்கு என்ன குறை?"

தச்சர் சென்றபின் கல்லூரியில் படிக்கும் மகள், "நாமே அடிச்சிடலாம்மா" என்றாள்.

வண்ணம் பூசுவதென்றால் தூரிகையை எடுப்பதே முதல் வேலை என்று பலர் கருதுவர். உண்மையில் தூரிகை இறுதியில்தான் கைக்கு வரும். முதலில் கதவுகளைக் கழற்ற வேண்டும். பதினான்கு கதவுகளும் ஒரே அளவினவாகத் தோன்றும். மீண்டும் மாட்டும்போதுதான் ஒவ்வொன்றும் தன் இடத்தை மட்டுமே ஏற்கும் என்பது தெரியவரும். ஆகவே கீல் அமரும் பள்ளத்திலேயே ஒவ்வொரு கதவுக்கும் எண் எழுதினர். அப்பள்ளத்தின்மேல் வண்ணம் படாது. திருகாணிகளைத் தனித்தனிப் பொட்டலங்களில் கட்டி, அவற்றின்மேலும் அதே எண்ணைக் குறித்தனர். அடுத்தது பிசுக்கு. தாளிப்பில் எழும் எண்ணெய்த் துளிகள் மரத்தில் படிந்து, ஆண்டுக்கணக்கில் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகிவிடுகின்றன. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணம் பூசினாலும் ஒட்டாது. சில மாதங்களில் தோலாக உரிந்து வரும். வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துத் துடைத்து, பின்னர் நல்ல தண்ணீரால் இருமுறை துடைத்து உலரவிட்டனர். இதற்கே இரண்டு நாள் பிடித்தது.

இனி உப்புத்தாள் தேய்க்க வேண்டிய கட்டம். இங்கேதான் மகள் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவ்வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருந்தது. அவளுடைய அண்ணனின் மகன். பழைய வண்ணங்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சளிலும் பச்சையிலும், காரீயச் சேர்மங்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு. காரீயக் குரோமேட்டு மஞ்சள் நிறம் தரும்; அதனுடன் நீலம் சேர்ந்தால் பச்சையாகும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் காரீயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தன. இக்கதவுகளின் பச்சையோ அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அது கண்ணுக்குப் புலனாகாத தூளாகித் தரையில் படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை அடுத்த நொடியே வாயில் வைக்கும். உடலுள் செல்லும் காரீயம் வளரும் மூளையைத் தாக்கும்; இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் இல்லை என்பதே உலகச் சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

எனவே குழந்தை சில நாள்களுக்குப் பாட்டி வீட்டிற்கு அனுப்பப்பட்டது. கதவுகள் கொல்லைப்புறத்தில் விரிக்கப்பட்ட தடித்த நெகிழித்தாளின்மேல் கிடத்தப்பட்டன. தூளை வடிகட்டும் முகக்கவசம் அணிந்து, நீர் தாங்கும் உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்து, ஈரம் உலராமல் தேய்த்தனர். மரம் தெரியும்வரை சுரண்டவில்லை; உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை மேற்பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தாலே போதும். கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றாமல் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிவைத்தனர். வேலைக்கு உடுத்திய உடைகளையும் தனியே துவைத்தனர். வெறும் அச்சத்தால் செய்த வேலையென்று இதைக் கேலி செய்தவர்கள் அத்தெருவிலேயே இருந்தனர். கேலி செய்தவர் வீட்டில் தவழும் வயதில் யாருமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பதாம் எண் கதவின் உட்புறம் வண்ணம் காணாத வெறும் மரம். அதில் பென்சிலால் தேதிகள் எழுதப்பட்டிருந்தன. எரிவாயு உருளை மாற்றிய நாள்கள் அவை. மேலிருந்து பாதிவரை மறைந்துபோன கணவரின் சாய்ந்த எழுத்து. அதன்கீழ் அம்மாவின் எழுத்து. மகள் உப்புத்தாளுடன் தயங்கி நின்றாள். "வெளிப்பக்கம் மட்டும் அடி கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.

அடுத்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தது. ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி 1926இல் செருமனியின் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சிறு அடுக்களையை வடிவமைத்தார். சமைப்பவர் நடக்கும் அடிகளையும் செலவிடும் நேரத்தையும் அளந்து உருவாக்கியது அது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. ஈக்கள் நீல நிறத்தை நாடா என்னும் நம்பிக்கையில் அலமாரிகளுக்கு நீலம் பூசினார்கள். அந்நம்பிக்கை சரியோ தவறோ, அங்கே நின்று உழைப்பவரை மனத்தில் வைத்து ஒருவர் நிறத்தைப் பற்றி எண்ணினார் என்பதே இங்குக் கருதத்தக்கது. தேக்குக் கதவுகளின் பச்சையை அப்படி யாரும் எண்ணித் தேரவில்லை.

"உனக்கு என்ன கலர் வேணும்மா?" என்று மகள் கேட்டாள். அம்மாவுக்கு உடனே விடை வரவில்லை. கடைக்காரர் கொடுத்த நிற அட்டையை இரண்டு நாள் மஞ்சள்டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இறுதியில், உடைத்த பாசிப்பருப்பின் இளமஞ்சளைத் தொட்டுக் காட்டினார்.

எண்ணெய் சார்ந்த எனாமலின் வெளிர்நிறங்கள் வெளிச்சம் படாத இடத்தில் நாளடைவில் பழுப்பேறும்; அடுப்பங்கரையில் அதன் நெடியும் தீப்பற்றும் இயல்பும் வேறு. ஆதலால் காரீயம் சேர்க்காதது எனக் குறிக்கப்பட்ட, நீர் சார்ந்த எனாமலையே வாங்கினர். பழைய பூச்சின்மேலும் பற்றக்கூடிய பிரைமர் ஒருமுறை. ஆணித் துளைகளிலும் வெடிப்புகளிலும் பட்டி. மீண்டும் நனைந்த உப்புத்தாள். அதன்பின் மெல்லிய பூச்சாக இருமுறை. தூரிகையின் மயிரில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வண்ணத்தில் தோய வேண்டும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே கை ஓட வேண்டும். ஒரே தடித்த பூச்சில் முடித்துவிட நினைப்பவர் கதவில் கண்ணீர்க்கோடுகளைத்தான் காண்பர். மாசி மாதத்து வறண்ட காற்று வேலைக்கு உதவியது. ஐப்பசி மழையில் இதைத் தொடங்கியிருந்தால் ஒவ்வொரு பூச்சும் உலர்வதற்குள் பொறுமை போயிருக்கும்.

தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிட்டது. பூச்சு முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், கதவுகளை மாட்டிய பின்னும் அவற்றை அழுத்திச் சாத்தாமல் ஒரு விரற்கடை திறந்தே வைத்திருந்தனர். தரையை மும்முறை ஈரத்துணியால் துடைத்த பிறகே குழந்தை வீடு திரும்பினான்.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அம்மாள் பார்க்க வந்தார். எந்தக் கடையில் எந்த வண்ணம் வாங்கியது என்று கேட்டார். "வண்ணம் அப்புறம் அக்கா. முதல்ல பிசுக்கை எடுக்கணும். கதவைக் கழற்றுறதுக்கு முன்னாடி நம்பர் போடணும். உங்க வீட்டுது எந்தக் காலத்துப் பெயின்ட்?" என்று தொடங்கிய அம்மா, அரை மணி நேரம் விளக்கிவிட்டு, திருப்புளியையும் மீந்த உப்புத்தாள்களையும் ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தனுப்பினார்.