பழைய வண்டியா, புது வண்டியா?

எங்கள் வீட்டு 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கு 2024-ல் 15 வயது முடிந்தது. ஆர்.சி.யைப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். இவரோ, "தள்ளிவிட்டுப் புதுசா வாங்கிடலாம்" என்றார். கையில் இருந்தது சீட்டுப் பணம் மட்டும்தான். அது பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கென்று நான் ஒதுக்கி வைத்தது.

"இதுக்கு என்ன குறைச்சல்?" என்று வாதாடினேன். உண்மையில் குறைச்சல் எனக்குத்தான் தெரியும். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போகிறவள் நானல்லவா! பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு 'விண்'ணென்று தெறிக்கும். சொன்னால் புது வண்டி வந்துவிடுமே என்று தைலம் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் தம்பி பார்த்தவுடனே சொல்லிவிட்டான். "பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சுக்கா. எண்ணெய் கசியுது பாருங்க. சீட் ஸ்பாஞ்சும் அமுங்கிடுச்சு."

அவற்றோடு பின் டயர், செயின் செட், பிரேக் ஷூ எல்லாம் மாற்றினோம். சீட்டுப் பணத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. இவருக்குத்தான் ஒரு குறை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்த ரக வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்குமாம். அதைப் பழசில் பூட்ட முடியாதாம். அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை.

வலி பாதி குறைந்தது. மீதிக்கு டாக்டரிடம் போனோம். "எத்தனை நாளா?" என்றார். இவர் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு வருஷமா" என்றேன்.

திரும்பி வரும்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை மெதுவாக்கிக்கொண்டே வந்தார்.