தனிமரத்தின் விதை

தேனியைக் கடந்து போடிநாயக்கனூரை அடைந்ததும், மேற்கே மலை மதிலென எழுந்து நிற்கும். ஏலக்காய் வாணிகத்தால் பெயர் பெற்ற அவ்வூரை விட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால், சமவெளியின் புழுக்கம் அகன்று குளிர் தழுவும். அப்பால் விரிவன ஏலத் தோட்டங்கள்.

ஏலச்செடி கடும் வெயில் தாங்காது. ஆதலால் காட்டை முற்றிலும் அழிக்காது, நிழலுக்கெனப் பெருமரங்களை விட்டுவைத்தனர். தோட்டங்களின் மேல் தலைநிமிர்ந்து நிற்கும் அயினியும் சந்தன வேம்பும் பழைய காட்டின் எச்சங்களே. ஆயினும் ஆண்டுதோறும் அவற்றின் கிளைகளைக் கழிக்கின்றனர். கீழே முளைக்கும் கன்றுகள் களையோடு போகின்றன. விழுந்த மரத்தின் இடத்தில் சில்வர் ஓக் நடுவதும் வழக்கமாயிற்று. இவ்வாறு ஓரின மரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகித் தனிமரங்களாகின்றன.

இதனால் விளையும் கேடு யாது? மரம் இடம் பெயராது. அதன் மகரந்தமே பயணம் செய்கிறது. தேனீயும் வௌவாலும் அதனை வேறு மரத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. துணைமரம் எட்டாத் தொலைவிலிருந்தால், ஒரே மரத்தின் பூக்களுக்குள்ளேயே சேர்க்கை நிகழும். நெருங்கிய இரத்த உறவில் மணம் புரியத் திருச்சபைச் சட்டம் தடை விதிப்பதை அறிவீர்கள். தேக்கு மரத்துக்கும் அதையொத்த தடை இயற்கையிலேயே உண்டு: தன் மகரந்தத்தை ஏற்ற பூக்கள் பெரும்பாலும் காயாகாமல் உதிர்ந்துவிடும். யூக்கலிப்டஸோ அவ்வாறும் விதை தரும். ஆனால் ஒரே வழியில் வந்த மறைகுறைகள் இருபுறமும் கூடி வெளிப்படுவதால், நாற்றுகளிற் பல மடியும். பிழைத்தவை குன்றி வளரும்.

இதற்குக் கர்நாடகத்தின் நந்திமலை சான்று பகரும். 1790 வாக்கில் திப்பு சுல்தான் காலத்தில் அங்கு யூக்கலிப்டஸ் நடப்பட்டதென்பர். அங்கிருந்த சில மரங்களின் வழிவந்த விதையே ‘மைசூர் கம்’ என்னும் பெயரில் தென்னாடெங்கும் பரவிற்று. பிற்காலத்தில், ஆஸ்திரேலியக் காடுகளில் பல மரங்களிலிருந்து திரட்டிய விதையை அதனருகே நட்டுப் பார்த்தபோது, புதியவை பல அதனை விஞ்சி வளர்ந்தன. தாய்மரங்கள் சிலவேயாயிருந்ததும் அவற்றுள் நிகழ்ந்த உட்கலப்புமே அதன் தளர்ச்சிக்கு முக்கியக் காரணங்களென அறிஞர் கருதுகின்றனர்.

போடிமெட்டில் இன்று ஓங்கி நிற்கும் முதுமரங்கள் முழுக்காட்டின் பிள்ளைகள். ஆகவேதான் அவற்றில் நலிவு தெரிவதில்லை. அது அவற்றின் விதையில்தான் தெரியும்.

எனவே, பள்ளியிலோ தோட்டத்திலோ மரம் வளர்க்க விழைவோர் ஒன்றை நினைவிற் கொள்க. ஒரே மரத்தடியில் ஒரு சாக்கு விதை அள்ளுவது எளிது. அதைவிட, ஒன்றுக்கொன்று 100 மீட்டரேனும் தள்ளி நிற்கும் 20, 30 மரங்களிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகத் திரட்டிக் கலந்து விதைப்பதே நன்று. தோட்டத்தார் களையெடுக்கையில் காட்டுமரக் கன்றுகள் சிலவற்றை விட்டுவைப்பாராக. தேனீக்கும் வழி பிறக்கும். காட்டுக்கும் வழி பிறக்கும்.