பெயரை மறைத்த பாட்டு

"ராஜாவா, ரகுமானா?"

கேள்வி பிறந்த இடம், திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டியதொரு தேநீர்க் கடை. வேளை, மாலை ஐந்து மணி. கேட்டவர், நம்மோடு பணியாற்றும் கணக்காசிரியர். வகுப்பிலே குரலை உயர்த்தி அறியாதவர். தவறாக விடை எழுதிய மாணவனிடங்கூட, "எந்த வரியிலே வழி தவறினாய், பார்" என்று தணிந்து கேட்பவர். அப்படிப்பட்டவர் அன்று மேசையைத் தட்டினார்! தேநீர் தளும்பிற்று. எதிரே அமர்ந்திருந்த அறிவியல் ஆசிரியர் சளைத்தவரா? அவரும் தட்டினார். எஞ்சியிருந்த தேநீரும் போயிற்று.

"1976-இலே 'அன்னக்கிளி' வந்திராவிட்டால், தமிழன் காது இந்திப் பாட்டுக்கு அடகு போயிருக்கும்" என்றார் ஒருவர். "1992-இலே 'ரோஜா' வந்திராவிட்டால், தமிழன் பாட்டு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியே இராது" என்றார் மற்றவர். ஒருவர், 2025 மார்ச்சிலே இலண்டனில் அரங்கேறிய சிம்பொனியை எடுத்து வீசினார். மற்றவர், 2009-இலே வந்த இரண்டு ஆஸ்கர் விருதுகளை எடுத்து வீசினார். வாதம் முற்றிற்று. வாதமென்றா சொன்னோம்? வாதமென்றால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க வேண்டுமே! இங்கே கேட்டவர் எவருமில்லை. முக்கால் மணி நேரம் இசையைப் பற்றிய சண்டை - அந்த முக்கால் மணியிலே ஒரு நொடிகூட இசை இல்லை!

அரி பெரியவனா, அரன் பெரியவனா என்று மண்டையை உடைத்துக்கொண்ட நாடல்லவா இது! அந்தப் பழக்கம் அவ்வளவு எளிதிலே போய்விடுமா? கோயிலைவிட்டு வெளியேறி வந்த நண்பர்கள், கொட்டகை வாசலிலே வேறொரு கர்ப்பக்கிருகம் கட்டிக் கொள்கிறார்கள். சிரிக்கிறீர்களா, தோழர்களே? சிரிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த மேசையிலே மூன்றாவதாகத் தட்டிய கை நம்முடையது. கல்லூரி நாட்களிலே நாமும் ரகுமான் அடியார் கூட்டத்திலே ஒருவர்தாம்.

நோய் புதியதுமன்று. நம் பாட்டனார் பூட்டுத் தொழிலாளி. இவ்வூர் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் தேய்த்துத் தேய்ந்த கை அவருடையது. பட்டறையிலே ஒரு வானொலிப் பெட்டி; பெட்டியிலே இலங்கை வானொலி. பாட்டனார் விசுவநாதன் - ராமமூர்த்தி கட்சி. பக்கத்துப் பட்டறைக்காரர் கே. வி. மகாதேவன் கட்சி. அரத்தின் ஓசையையும் மீறி இருவருக்கும் நாள்தோறும் போர் நடக்குமாம். கலைவாணர் இயக்கி, கலைஞர் உரையாடல் தீட்டிய 'பணம்' படத்திலே, 1952-இலே சேர்ந்தவர்கள் அந்த இரட்டையர். 'ஆயிரத்தில் ஒருவ'னோடு 1965-இலே பிரிந்தார்கள். அவர்கள் பிரிந்தபோது பட்டறையும் பிரிந்தது! மெட்டு விசுவநாதனுடையது என்றார் பாட்டனார்; வயலின் இல்லாத மெட்டு வெறுங்கூடு, ஆகவே ராமமூர்த்தியே உயிர் என்றார் அவர் தம்பி. பக்கத்துப் பட்டறைக்காரருக்குக் கொண்டாட்டம். "எங்கள் மகாதேவன் ஒருவர்தாம், பிரிய ஆளில்லை!" என்றாராம்.

பாட்டனார் எம். ஜி. ஆர். பற்றாளர். மகாதேவன் சிவாஜிக்குத்தான் மனமுவந்து இசையமைப்பார் என்பது அவருடைய நீங்காத மனக்குறை. "1964-இலே வந்த 'வேட்டைக்காரன்' யார் இசை, தாத்தா? தேவர் எடுத்த எம். ஜி. ஆர். படங்களுக்கெல்லாம் வரிசையாக இசையமைத்தவர் யார்?" என்று பின்னாளிலே நாம் கேட்டோம். சற்றே யோசித்தார். "அது வேறு" என்றார். அவ்வளவுதான்!

நம்மைப் போன்றோருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மகாதேவனுடைய புகழ் ஓங்கி நிற்பது எங்கே? 'திருவிளையாட'லிலே, 'கந்தன் கருணை'யிலே. திரைப்பட இசையமைப்புக்கென இந்திய அரசு முதன்முதலாக வழங்கிய தேசிய விருதே, 1967-ஆம் ஆண்டுக்கான 'கந்தன் கருணை'க்குத்தான். கடவுளை மறுப்பவன் இதைக் கேட்டு மகிழலாமா? கூடாது என்று சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 1968-இலே வந்த 'தில்லானா மோகனாம்பா'ளிலே நாயனம் வாசித்தவர்கள், மதுரை எம். பி. என். சேதுராமன் - பொன்னுசாமி உடன்பிறப்புகள். அந்தக் காற்று அவர்கள் நெஞ்சிலிருந்து வந்தது, கயிலாயத்திலிருந்து வரவில்லை. இளையராஜா திருவாசகத்துக்கு 2005-இலே இசை வடித்தபோதும், அவர் 2022-இலே மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோதும், நண்பரொருவர் சீற்றங்கொண்டு தம் செல்பேசியிலிருந்த அவருடைய பாடல்களையெல்லாம் நீக்கினார். இரண்டு முறையும் ஒரு வாரம் தாங்கவில்லை! சினம் கொள்வது அவர் உரிமை. வாக்குக்கேற்ற விடை வாக்கிலே சொல்லட்டும். மெட்டு என்ன குற்றம் செய்தது?

இவர்களைத் தனித்தனித் தீவுகளாக நிறுத்திப் பார்ப்பதே பிழை. சி. ஆர். சுப்பராமனிடம் பணியாற்றியவர் விசுவநாதன். விசுவநாதனிடம் உதவியாளராக இருந்தவர் ஜி. கே. வெங்கடேஷ். வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் இளையராஜா. இளையராஜாவின் குழுவிலே இளம் வயதில் கீபோர்டு வாசித்தவர் ரகுமான். அந்த ரகுமானின் 'சங்கம'த்திலே, 1999-இலே, முதிய விசுவநாதன் வந்து பாடினார்! இப்படி ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்கிறார்கள். கீழே நிற்கும் நாம்தாம் அடித்துக்கொள்கிறோம்.

இவ்வளவு தெரிந்தும் தேநீர்க் கடையிலே தட்டிய கை, தட்ட வேண்டிய இடத்திலே தட்டவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதவே தொடங்கினோம்.

சென்ற ஆண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு முந்திய வாரம். ஒன்பதாம் வகுப்பு மாணவனொருவன் நம்மிடம் வந்தான். பெயர் வேண்டாம், சிறுமலை அடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வருகிறவன். தந்தை பறை இசைப்பவர். ஊரிலே சாவு விழுந்தால் அழைப்பு வரும், திருவிழா வந்தாலும் அழைப்பு வரும், மற்ற நாட்களிலே தோட்டக் கூலி. "சார், சினிமாப் பாட்டு ஒன்றுக்குப் பறை அடிக்கட்டுமா?" என்று கேட்டான். அழைத்துச் சென்றோம், விழாப் பொறுப்பிலிருந்த மூத்த தமிழாசிரியரிடம். நல்லவர்; நம்மைத் தம்பி என்றே அழைப்பவர்; மகாதேவனுடைய இசையிலே ஊறியவர். அவர் கேட்டார்: "பள்ளி விழாவிலே சாவு மேளமா, தம்பி? மங்கலமாக ஏதாவது செய்யச் சொல்லேன்."

நாம் என்ன சொன்னோம்? ஒன்றும் சொல்லவில்லை. பணியிலே சேர்ந்து எட்டு மாதம். மூத்தவரை எதிர்ப்பதா என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டி, வாய்மூடி வந்துவிட்டோம்.

அந்த மாதந்தான், அந்த வகுப்பிலேதான், கருப்பொருள் பாடம் நடத்தியிருந்தோம். தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் பறையைச் சேர்த்துச் சொல்கிறாரே, அந்தப் பாடம். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று தேர்விலே பிழையின்றி எழுதியவன் அந்தப் பையன். முழு மதிப்பெண் வழங்கியவர் நாம். ஏட்டிலே பறைக்கு மதிப்பெண். மேடையிலே பறைக்கு மறுப்பு!

விழா நடந்தது. மேடையிலே மாணவர் ஆடினர், திரைப்படப் பாட்டொன்றுக்கு. ஒலிபெருக்கியிலே என்ன முழங்கிற்று தெரியுமா? பறை! சென்னை ஒலிப்பதிவுக் கூடத்திலே பதிவான பறை. மூத்தவர் முன்வரிசையிலே அமர்ந்து தொடையிலே தாளம் போட்டார். நம் மாணவனோ, பந்தலின் பின்புறத்திலே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் நமக்கு உறைத்தது: தீட்டு ஒலியிலே இல்லை, அடிக்கும் கையிலே இருப்பதாக அல்லவா வைத்திருக்கிறார்கள்!

இவ்வூருக்கு இது தகுமா? ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியப் பயிற்சி பெற்றது இந்தத் திண்டுக்கல்லிலே. ஆசிரியராக இருந்ததும் இங்கே. தமிழிசையின் தொன்மையை நிறுவ 1917-இலே 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டவர் அவர். பள்ளி ஆசிரியராகத் தொடங்கிய ஒருவர் இசைக்காக அவ்வளவு எழுதினார். இன்னொரு பள்ளி ஆசிரியர், ஒரு வாக்கியம் பேச அஞ்சினார்.

பல நாள் உறுத்திற்று. இந்த ஆண்டு, ஒரு சனிக்கிழமை, அந்த மாணவனுடைய ஊருக்குச் சென்றோம். தந்தையும் மகனும் வைக்கோலைக் கொளுத்திப் பறையை அனலிலே காட்டினார்கள். தோல் முறுக்கேற முறுக்கேற, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தார் தந்தை; பியானோவுக்குச் சுருதி கூட்டுபவனுக்கு எவ்வளவு செவி நுட்பம் வேண்டுமோ, அவ்வளவு. பிறகு பையன் வாங்கித் தோளிலே மாட்டினான். வலக்கையிலே அடிக்குச்சி, இடக்கையிலே சிம்புக்குச்சி. கேட்டு, இசைவு பெற்று, செல்பேசியிலே பதிவு செய்துகொண்டோம்.

திங்கட்கிழமை, ஆசிரியர் அறையிலே ஓர் ஆய்வு. நிபந்தனை ஒன்றே: இசையைக் கேட்க வேண்டும், அமைத்தவர் யாரென்று சொல்ல வேண்டும். குரலும் சொல்லும் காட்டிக் கொடுத்துவிடுமென்பதால், பாட்டை விலக்கிவிட்டோம். பின்னணி இசைத் துண்டுகள் மட்டும். இசையமைப்பாளனின் உண்மையான உழைப்பு அங்கேதானே இருக்கிறது! ஊமையாக ஓடும் படச்சுருளைப் பார்த்து, எங்கே பேசுவது, எங்கே வாய்மூடி நிற்பது என்று தீர்மானிக்கும் வேலை. பாட்டுக்காகக் கட்சி கட்டும் நம்மவர், அதைச் செவியிலே வாங்குவதே அரிது.

முதல் துண்டு ஒலித்தது. மின்னணுக் கருவிகளின் துள்ளல். "கணிப்பொறி இசை! ஐயமென்ன, ரகுமான்!" என்றார் அறிவியல் ஆசிரியர். 1986-இலே வந்த 'புன்னகை மன்னன்', இளையராஜா என்றோம். கணக்காசிரியர் கைதட்டிச் சிரித்தார். அடுத்தது, கிராமத்து ஆட்டத் தாளம். "இந்த மண்வாசனை பண்ணைப்புரத்துக்காரருக்கே வரும்" என்று கண்மூடி உருகினார் கணக்காசிரியர். 'சங்கமம்', ரகுமான் என்றோம். இப்போது கைதட்டியவர் அறிவியல் ஆசிரியர். மூன்றாவது, 1986-இலே வந்த 'மெல்லத் திறந்தது கதவு'. விசுவநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம். இதிலே இது யார், அது யார் என்று பிரிக்கப் புகுந்து, இரண்டு கட்சியும் தேநீர் இடைவேளை முழுவதையும் இழந்தன. நாம் மட்டும் என்ன? அறிவியல் ஆசிரியர் பதிலுக்குப் போட்டுக் காட்டிய நான்கிலே மூன்றைத் தவறாகச் சொன்னோம். ஒன்றைக் கேட்டு, "இது ரகுமானாக இருக்கவே முடியாது, இவ்வளவு மட்டமாக" என்றும் சொல்லிவைத்தோம். அது ரகுமான்தான்.

கடைசித் துண்டை ஒலிக்கவிட்டோம். பறை. தனிப் பறை. மெல்லத் தொடங்கி, நடை மாறி, இரட்டித்து, சட்டென்று நின்று, நின்ற இடத்திலிருந்து மீண்டும் எழும் பறை. அறை அமைதியாயிற்று. கணக்காசிரியர் விரலிலே மாத்திரை எண்ணினார். மூத்தவர் தலையசைத்தார். "தாளக்கட்டு என்றால் இது! இந்த ஒழுங்கு மகாதேவனுக்கே உரியது. படந்தான் நினைவுக்கு வரவில்லை" என்றார்.

சொன்னோம் - பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு, மூன்றாவது பெஞ்சு.

எவரும் பேசவில்லை. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மீண்டும் அணிந்தார். "முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?" என்றார். முன்னமே சொல்லியிருந்தால், ஐயா, கேட்டிருப்பீர்களா என்று நாவிலே வந்தது. கேட்கவில்லை. சென்ற ஆண்டு வாய்மூடி நின்ற நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி ஏது? மணி அடித்தது, அவர் வகுப்புக்குச் சென்றார். நடையிலே வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்ச்சி.

இவ்வாண்டு விழாவுக்கான விண்ணப்பம் இப்போது நம் மேசையிலே இருக்கிறது. நிகழ்ச்சி நிரலிலே ஏழாவதாக, "பறையிசை - பத்தாம் வகுப்பு மாணவர்" என்று எழுதியிருக்கிறோம். கணக்காசிரியர் கையொப்பமிட்டார், அறிவியல் ஆசிரியரும் இட்டார். மூத்தவருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். வேண்டாமென்று சொல்லவில்லை. இம்முறை அவர் சொன்னால், நாம் சும்மா இருக்கப் போவதுமில்லை.

நடந்ததையெல்லாம் மாணவனிடம் சொன்னோம். "உன் அடியை மகாதேவன் என்று சொல்லிவிட்டார், ஐயா!" என்றோம் பெருமிதத்தோடு.

"அது யார், சார்?" என்றான்.

விளக்கினோம். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மேடை கிடைத்தால் அனிருத் பாட்டுக்குத்தான் சார் அடிப்பேன். ராஜா பாட்டெல்லாம் அப்பா கேட்பது" என்றான்.

"அனிருத்தா? ஏன், ரகுமானிடம் என்ன குறை கண்டாய்?" என்று கேட்டேவிட்டோம்! அவன் விடுவானா? நாம்தாம் விடுவோமா? அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கும்வரை, அந்தத் தாழ்வாரத்திலே, சரிக்குச் சரி நின்று சண்டையிட்டோம்.