எத்தனை இடத்தில் நின்றாய்?

திருச்சிப் பக்கத்தில் ஒருவரை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் "எப்படி இருக்கே?" என்பது இரண்டாவது கேள்விதான். முதலில் வருவது உடம்பைப் பற்றிய தீர்ப்பு. "என்ன, இப்படி இளைச்சுட்டே?" அல்லது "உடம்பு போட்டிருக்கே போல". சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது எனக்கு ஒரே நாளில் இரண்டும் கிடைத்தன. காலையில் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பெரியம்மா, "எலும்பும் தோலுமா ஆயிட்டியேடா, அந்த ஊர்ல சோறே போட மாட்டாங்களா?" என்றார். சாயந்திரம் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் என் வயிற்றைத் தட்டி, "என்ன மச்சி, எத்தனாவது மாசம்?" என்றான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொன்னதும் சரி.

அலுவலகத்தில் வருடாவருடம் மெடிக்கல் செக்கப் உண்டு. என் உயரம் 172 செ.மீ., எடை 66 கிலோ. பிஎம்ஐ 22.3. பச்சை நிறத்தில் 'நார்மல்' என்று அச்சாகி வந்தது. அதே தாளின் அடுத்த பக்கத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.0. 5.7இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். அதாவது பீட்டா வெர்ஷன். டாக்டர் என் கன்னத்தையும் கையையும் பார்த்துவிட்டு டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். 93 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90ஐத் தாண்டக்கூடாதாம். "வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" என்றார். அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதிலிருந்து இருக்கிறது. "அப்போ நீங்க ஒல்லின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார்.

இந்த ஒல்லிக் குண்டர்களுக்கு மருத்துவ உலகில் ஒரு புகழ்பெற்ற புகைப்படம் இருக்கிறது. 2004இல் லான்செட் இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ சரியாக 22.3. ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். சட்டை போட்டுக்கொண்டு நின்றால் இரண்டு பேருமே ஒல்லி. என் எண்ணும் 22.3 என்று தெரிந்ததும், மருத்துவ வரலாற்றில் எனக்கும் ஓரமாக ஓர் இடம் கிடைத்ததுபோல ஒரு பெருமை வந்தது.

பிஎம்ஐயைக் குறை சொல்லியும் பயனில்லை. 1830களில் அதன் சூத்திரத்தைக் கண்டுபிடித்த கெட்லே என்ற பெல்ஜியக்காரர் மருத்துவரே இல்லை. வானியலும் புள்ளியியலும் தெரிந்தவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தார். தனி ஒருவனின் இடுப்பைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

அந்தக் கவலையை நம் ஊரில் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவின் காலத்தில் 'உடம்பு போட்டிருக்கே' என்பது பாராட்டு. கல்யாணமான பெண் ஆடிக்கு வரும்போது ரெண்டு சுற்று பெருத்திருந்தால், புகுந்த வீட்டில் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று பொருள். அதே வாக்கியத்தை இன்று என் தங்கையிடம் சொன்னால் அந்த அத்தையை வாட்ஸப்பில் பிளாக் செய்துவிடுவாள். அவள் கோபத்தில் நியாயம் உண்டு. எனக்கு 'தொப்பை' என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிடுகிறார்கள். அவளுக்கு எடை, முடி, பரு, நிறம் என்று பட்டியலே வாசிக்கிறார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது. "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்கிற வாக்கியத்துக்கு இன்னும் யாரும் புதுப் பெயர் வைக்கவில்லை. மேட்ரிமோனி படிவத்தில் உடல்வாகு என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒல்லி, சராசரி, கட்டுமஸ்து, பருமன். என்னைப் போன்றவனுக்கு அதில் எதைத் தட்டுவது? 'மேலே ஒல்லி, நடுவில் பருமன்' என்று ஒரு ஆப்ஷன் இல்லை.

கல்யாணம் நிச்சயமான என் நண்பன் மூன்று மாதம் ஜிம்முக்குப் போனான். கோழி நெஞ்சுக்கறி, முட்டை வெள்ளை, புரோட்டீன் பவுடர். ரிசப்ஷனில் கோட்டு பிரமாதமாகப் பொருந்தியது. ஆல்பம் வந்த வாரத்தோடு ஜிம்மை நிறுத்திவிட்டான். எங்கள் தொழிலில் இது பழக்கம்தான். ரிலீஸ் தேதி வரை உயிரைக் கொடுத்து வேலை செய்வோம். பிறகு அந்தக் கோடை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இன்னொருவன் இரவு பதினொன்றே முக்காலுக்குச் சித்திரை வீதியில் வேகவேகமாக நடப்பான். கடிகாரத்தில் 10,000 அடி இன்னும் ஆகவில்லையாம். அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது என்று சொன்னேன். "அப்போ 9,000 போதுமாடா?" என்றான்.

இந்த இருவரோடும்தான் போன ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைமலைக்குப் போனேன். திட்டம் எளிமையானது: மலைக்காற்று, அருவி, திரும்பும்போது சாமையும் தேனும். 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எங்கள் கூட்டத்தில் சாமைக்குத் தனி மரியாதை. போகிற வழியில் மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசிக்குப் பேர்போன ஊர். வரிசையாக அரிசி ஆலைகள். நாங்கள் மூவரும் வளர்ந்தது அந்த வெள்ளைச் சோற்றில்தான். முன்னாள் காதலியைக் கடப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தோம்.

துறையூர் தாண்டி, சோபனபுரம் வழியாக மலை ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. திருச்சி வெயில் பாதி வழியிலேயே கழன்றுவிடும். மேலே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சாலையோரம் ஓர் ஆயா பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்னச் சின்னப் பைகளில் சாமை. ஜிம் நண்பன் பக்தியோடு கேட்டான்: "ஆயா, நீங்கல்லாம் சாமை சாப்பிட்டுத்தான் இவ்ளோ தெம்பா இருக்கீங்களா?"

"சாமையா? எங்க வூட்ல ரேஷன் அரிசிதான் தம்பி. சாமை உங்களாட்டம் வண்டில வர்றவங்களுக்கு."

சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை மரவள்ளிக் காடு. அது ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். சாமை விதைத்த நிலத்தில் இப்போது பணப்பயிர். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அப்பா சாப்பிடும் அதே சர்க்கரை மாத்திரை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, என்னைப் போல வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. மலை அதற்கு வெளியே இருக்கும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

"எனக்கும் வரும்னு டாக்டர் சொல்லியிருக்கார் ஆயா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. "பசி எடுக்குதா? தூக்கம் வருதா? மேடு ஏறுனா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். பிறகு தன் கணக்கைச் சொன்னார். "முன்னல்லாம் காட்டுக்குப் போயிட்டு ஒரே மூச்சுல ஏறி வந்துருவேன். போன வருசம் ஒரு எடத்துல உக்காந்தேன். இப்ப ரெண்டு எடம்."

ஒல்லியா குண்டா, கறுப்பா சிவப்பா என்ற பேச்சே அதில் இல்லை. இந்த உடம்பால் இந்த மேட்டை ஏற முடிகிறதா என்பது மட்டும். டாக்டரின் டேப் பொய் சொல்லாது, மாத்திரையும் வேண்டியதுதான். ஆனால் ஆயாவின் அளவில் இன்னொருவர் கண்ணுக்கு வேலையே இல்லை. அது எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்த மாதத்திலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் மலைக்கோட்டை ஏறுகிறேன். 83 மீட்டர் பாறை, நானூறுக்கு மேல் படிகள். முதல் தடவை மூன்று இடத்தில் நின்றேன். தாயுமானவர் கோயிலுக்குத் திரும்பும் இடம், பல்லவர் குடைவரை, பிறகு உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெட்கமே இல்லாமல். அப்பா ஒரு காலத்தில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிய படிகள். இப்போது முழங்கால் விடுவதில்லை. கீழே மாணிக்க விநாயகரோடு முடித்துக்கொள்கிறார். இறங்கி வந்தால், தொப்பை குறைந்ததா என்று அவர் கேட்பதில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே கேட்பார்:

"இன்னைக்கு எத்தனை எடத்துலடா நின்னே?"