நடுவே பேசக் கூடாது!

கல்யாண வீட்டில் படியால் அரிசி அளந்து போடுகிறவரிடம் நடுவே புகுந்து, "மணி என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை தவறிப் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஃபாக்ஸ் யந்திரத்தின் சுபாவமும் அதுதான். இது தெரியாததால் ஒரு பெண்ணின் பிழைப்பே போக இருந்தது, போங்கள்!

1997-ஆம் வருஷம். சென்னையில் தோல் சாமான்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வரும் டெலிபோன் லைன்கள் 3; உள்ளே 16 மேஜைகளுக்கும் கிளைகள். இவற்றை இணைக்கும் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு 22 வயது. தகப்பனார் இல்லாத குடும்பம். இரண்டு தம்பிகளின் படிப்பு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

புதிதாக ஒரு ஃபாக்ஸும், கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும் மோடமும் வந்தன. தனி லைனுக்குச் செலவாகுமே என்று இரண்டையும் போர்டின் கிளைகளிலேயே மாட்டினார்கள். பிடித்தது சனியன்! ஜெர்மனிக்கு அனுப்பும் காகிதம் பாதியில் நிற்கும். மோடமோ, "டயல் டோன் இல்லை" என்று கையை விரிக்கும்.

"நீதான் லைனில் கை வைக்கிறாய்!" என்று மானேஜர் அவள் மேல் பாய்ந்தார்.

"நான் தொடவே இல்லை, சார்" என்று அவள் அழுததை யார் கேட்டார்கள்? மாதக் கடைசியோடு நின்றுவிடச் சொல்லிவிட்டார்.

நல்ல வேளையாக அந்த வாரமே மெக்கானிக் வந்தார். அரை மணி நேரம் குடைந்து பார்த்துவிட்டு, "உன் மேல் தப்பு ஒன்றுமில்லை, அம்மா" என்றார். பிறகு எங்களுக்கு விளக்கினார்.

போர்டு தரும் டோன் வேறு, வெளி லைனின் டோன் வேறு. நம் காது இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். மோடத்துக்கு உள் டோன் அடையாளம் தெரியவில்லை. ஆகவே, டோனைத் தேடாமல் டயல் செய்ய 'எக்ஸ்-3' என்று ஒரு கட்டளை கொடுத்தார். வெளி லைனுக்கான பூஜ்யத்தின் பின்னால் ஒரு கமாவும் சேர்த்தார். கமாவைக் கண்டால் மோடம் இரண்டு விநாடி நிற்குமாம்!

ஃபாக்ஸ் விஷயம் வேறு. ஒரு கிளையில் பேச்சு நடக்கும்போது அதற்கு இன்னொரு அழைப்பு வந்தால், போர்டு தானாகவே 'பீப்' என்று ஒலிக்கும். நாம் பொருட்படுத்த மாட்டோம். ஃபாக்ஸோ எழுத்தையெல்லாம் ஒலியாக்கித்தான் அனுப்புகிறது. நடுவே வேற்றொலி விழுந்தால் மறுமுனைக்கு ஒன்றும் புரியாது. அந்தக் கிளைக்கு மட்டும் அவர் அந்த ஒலியை நிறுத்தினார். போகிற போக்கில், "டிஜிடல் போனுக்கான கிளையில் மட்டும் மோடத்தைச் சொருகாதீர்கள், மோடமே கருகிப் போகலாம்" என்றும் எச்சரித்தார்.

அன்று மாலையே ஜெர்மனிக்கு ஐந்து பக்கமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அடுத்த மாதம் ஃபாக்ஸுக்குத் தனி லைனும் வந்துவிட்டது. மானேஜர் மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? "நாளைக்கு வழக்கம் போல வந்துவிடு" என்றார், அவ்வளவுதான். அவளும் வந்தாள்.

இன்றைய ஆபீஸ்களில் டெலிபோன் பேச்சு இன்டர்நெட் வழியாகப் போகிறது. குரலைச் சுருக்கி அனுப்பினால் பேச்சு புரியும், ஃபாக்ஸ் திணறும். அதற்கென்றே 1998-ல் 'டி.38' என்று தனி முறை வகுத்தார்கள். யந்திரம் புதிதானாலும் சுபாவம் பழையதுதான்!

ஆகவே, சகோதரிகளே, ஆபீஸில் ஒரு யந்திரம் மக்கர் செய்தால், அதை எந்த லைனில் மாட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை முறைப்பதற்கு அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது!