குளிர்காலப் பயணமும் ஒத்தி வீடும்



திருக்குர்ஆனில் குளிர்காலத்தைக் குறிக்கும் அரபுச் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மதரஸாவில் ஏழு வயதுப் பிள்ளைகள் மனனம் செய்யும் சிறிய சூராக்களுள் ஒன்றான குறைஷ் சூராவே அது. மக்காவின் குறைஷியர் குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும், கோடையில் வடக்கே ஷாமுக்கும் வணிகக் கூட்டமாகச் சென்று வந்தனர். விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களுக்கு அந்த இரு பயணங்களே சோறு போட்டன. பயணம், உணவு, அச்சமற்ற வாழ்வு, இறையில்லம் ஆகியவற்றை நான்கே வசனங்களில் அந்தச் சூரா ஒன்றோடொன்று கோத்துக் காட்டுகிறது. விருதுநகர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. மிளகாய் வற்றலும் பருப்பும் எண்ணெயும் எங்கிருந்தோ வந்து எங்கெங்கோ போகும் சந்தை ஊர் இது. ஒட்டகத்தை லாரியாக மாற்றிச் சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

சென்ற டிசம்பரில் இந்தச் சூராவை நான் வழக்கத்தைவிடக் கூடுதலாக எண்ணிப் பார்க்க நேர்ந்தது. என் அக்காள் மகன் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பணிபுரிகிறார். அவருடைய மனைவி அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. நிகாஹ் ஆகிப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. விருதுநகரில் அக்காவின் வீட்டிலிருந்து இருவரும் நாள்தோறும் பேருந்தில் போய் வந்தார்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டால், அன்றிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை அச்சகங்களுக்கு இரவு பகல் கிடையாது. மருமகன் வீடு திரும்பும்போது இரவு பதினொரு மணியாகிவிடும். காலை ஏழு மணிக்கு மீண்டும் பேருந்து நிலையம். இந்த நிலையில்தான், காலண்டர் வேலை ஓய்ந்து, பள்ளிக்கு அரையாண்டு விடுமுறையும் விட்டபோது, இரண்டு ஆசைகளோடு என்னிடம் வந்தார்கள். ஒன்று, முதன்முறையாக இருவரும் சேர்ந்து ஒரு பயணம். மற்றொன்று, சிவகாசியில் ஓர் அடுக்குமாடி வீடு.

பயணத்தில் சிக்கல் ஒன்றுமில்லை. முதலில் மூணாறு என்றார்கள். விடுதிக் கட்டணம் விசாரித்த பிறகு, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் ரயில் என்று மாற்றிக்கொண்டார்கள். தென்காசியிலும் கடையநல்லூரிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். புதுமணத் தம்பதியருக்கு விருந்து வைக்க வேண்டும் என்று பத்து மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். உறவைச் சேர்ந்து வாழ்வதும் பயணத்தின் நோக்கமாக இருக்கட்டுமே என்று நானும் ஊக்கப்படுத்தினேன்.

வீடுதான் சிக்கலாயிற்று.

அவர்கள் பார்த்து வைத்திருந்தது ஒத்தி வீடு. ஐந்து லட்ச ரூபாயை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கலாம். காலி செய்யும்போது ஐந்து லட்சமும் குறையாமல் திரும்ப வந்துவிடும். நம் மாவட்டத்தில் இது அன்றாட நடைமுறை. நம் சமுதாயத்திலும் எத்தனையோ குடும்பங்கள் ஒத்தி வீட்டிலிருந்து கொண்டே, வட்டி வாங்குபவரை முகம் சுளித்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாக எழுதுவதில் தவறில்லை.

கொடுத்த பணம் முழுமையாகத் திரும்பி வருகிறது என்றால் அது வாடகை அன்று. விலையும் அன்று. அதற்கு ஷரீஅத்தில் கடன் என்பதே பெயர். வீடு அந்தக் கடனுக்கு ஈடாக நம் கையில் இருக்கிறது. அதாவது ரஹ்ன், அடைமானம். அடைமானம் ஆகுமானதே. பகரா சூராவின் 283ஆம் வசனம் அதைப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவச உடை, வாங்கிய வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானத்தில் இருந்தது என்பதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. ஆனால் அடைமானம் என்பது கடனுக்குப் பாதுகாப்பு. கடன் கொடுத்தவர் அதைப் பயன்படுத்தி ஆதாயம் அடைவதற்கானது அன்று. அடைமானமாக வந்த பிராணிக்குத் தீனி போடுபவர் அதன் மீது சவாரி செய்யலாம் என்றொரு நபிமொழி உண்டு. அதுவும் தீனிச் செலவுக்கு ஈடாக. வீட்டுக்கு என்ன தீனி போடுகிறோம்?

மாதம் ஏழாயிரம் வாடகை பெறக்கூடிய வீடு அது. ஆண்டுக்கு எண்பத்து நான்காயிரம், மூன்று ஆண்டுகளுக்கு இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். ஐந்து லட்சம் கடன் கொடுத்து, அதையும் திரும்பப் பெற்று, இரண்டரை லட்சம் மதிப்புள்ள குடியிருப்பையும் அனுபவிக்கிறோம். பணமாக வாங்கினால் வட்டி என்போம். சுவரும் கூரையுமாக வாங்கும்போது பெயர் மாறிவிடுகிறது.

"வீட்டுக்காரரே மனம் ஒப்பித்தானே தருகிறார், மாமா?" என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஹனஃபி மத்ஹபில் முற்கால அறிஞர் சிலர், உரிமையாளர் அனுமதித்தால் அடைமானப் பொருளைப் பயன்படுத்தலாம் என்று கூறியதுண்டு. ஆனால் டமாஸ்கஸில் வாழ்ந்து 1836இல் மறைந்த இப்னு ஆபிதீன் போன்றோர், மக்கள் கடன் கொடுப்பதே அந்த ஆதாயத்தை எதிர்பார்த்துத்தான் என்பதால் அது நிபந்தனையாகவே ஆகிவிடுகிறது என்று தெளிவாக்கினர். குடியிருக்க முடியாது என்றால் நீ ஐந்து லட்சம் கொடுப்பாயா என்று மருமகனைக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பைஉல் வஃபா என்றொரு முறை உண்டு. பணத்தைத் திருப்பித் தரும்போது பொருளையும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற வாக்குறுதியோடு செய்யும் விற்பனை அது. மத்திய ஆசியாவின் ஹனஃபி அறிஞர்கள் பலர் மக்களின் தேவை கருதி அதை ஏற்றனர். உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்ட நூலிலும் அதற்கு இடம் உண்டு. நம் ஒத்தியை அதனோடு ஒப்பிட்டு வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனினும் 1992இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி, அதுவும் ஆதாயம் ஈட்டும் கடனே என்று முடிவு செய்தது. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

மருமகன் விடவில்லை. "வாடகை வீட்டுக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுக்கிறோமே, அதுவும் திரும்ப வரும் பணம்தானே?" என்றார். ஆலிம்களிடம் படிக்கும் மாணவர்கள்கூட இவ்வளவு கூர்மையாகக் கேட்பதில்லை. அந்த அட்வான்ஸ், வாடகை பாக்கிக்கும் சேதத்துக்கும் பிடிமானமாக இருக்கும் தொகை. அதற்காக வாடகை குறைக்கப்படுவதில்லை. கோடு அங்கேதான் இருக்கிறது. ஐம்பதாயிரம் வாங்கும் இடத்தில் இரண்டு லட்சம் கொடு, வாடகையை ஏழாயிரத்திலிருந்து மூவாயிரமாகக் குறைத்துக்கொள்கிறேன் என்றால், கோட்டைத் தாண்டிவிட்டோம். மாறாக, ஓராண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாகச் செலுத்தி, அதற்காகச் சற்றுக் குறைத்துப் பேசிக்கொள்வதில் தடை இல்லை. அங்கே பணம் திரும்பி வருவதில்லை, வாடகையாகவே கழிந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருந்தது. ஐந்து லட்சத்தில் மருமகனிடம் இருந்தது இரண்டு லட்சம். மீதிக்கு மருமகளின் நகைகளை வங்கியில் அடகு வைக்க எண்ணியிருந்தார்கள். அவற்றுள் மஹராகப் பெற்ற மூன்று பவுனும் அடக்கம். வட்டிக்குக் கடன் வாங்கி, வட்டிக்கு நிகரான ஒன்றை அடைவதா? மருமகளைத் தனியே அழைத்து, மஹர் உன் சொத்து, உன் கணவருக்கும் அதில் பங்கில்லை, மனம் உவந்து நீ கொடுத்தாலன்றி அதை யாரும் தொட முடியாது என்றேன். "நானாகத்தான் தருவதாகச் சொன்னேன், மாமா. ஆனால் வட்டி என்றால் வேண்டாம்" என்றார் அவர். அத்தோடு ஒத்திப் பேச்சு முடிந்தது. வங்கிக் கடனை அடைக்க மொத்தப் பணம் தேவைப்பட்ட அந்த வீட்டுக்காரர் வாடகைக்குத் தர இசையவில்லை. வீடு கைநழுவியது. வேறிடத்தில் மூன்றாம் மாடியில், ஏழாயிரம் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. லிஃப்ட் உண்டு. அது ஓடும் நாள்கள்தாம் குறைவு.

இதற்கிடையில் அக்காவின் வருத்தம். "கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை தம்பி, அதுக்குள்ள தனிக்குடித்தனமா?" என்று என்னிடம் கண் கலங்கினார். மனைவிக்குப் பூட்டித் திறக்கும் உரிமையுள்ள தனி இருப்பிடம் கொடுப்பது கணவன் மீது கடமை என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஆனால் வழக்கறிஞரைப் போல் அக்காவின் முன் கிதாபைத் திறந்து வைக்க நான் விரும்பவில்லை. மருமகன் இரவு பதினொரு மணிக்கு வந்து உண்ணாமல் உறங்கிய நாள்களை மட்டும் நினைவூட்டினேன். மகனிடம், சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நேராக விருதுநகர் பேருந்து ஏறிவிட வேண்டும், ஞாயிறு முழுவதும் அம்மாவிடமும் அத்தாவிடமும்தான் என்று உறுதி வாங்கினேன். அக்கா முழுமையாகச் சமாதானம் ஆகவில்லை. ஒரு தாய் ஒரே நாளில் ஆகிவிட முடியுமா?

பயணம் நன்றாகவே அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ். செங்கோட்டையைத் தாண்டி மலைக்குள் நுழையும் அந்தப் பாதை 1904இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றும் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2018இல் மீண்டும் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பதிமூன்று கண் பாலத்தில் ரயில் மெல்ல ஊர்ந்தபோது மருமகள் எடுத்த காணொளியை எங்கள் குடும்பத்தில் பார்க்காதவர் இல்லை. கொடுங்கல்லூர் சேரமான் பள்ளிவாசலுக்கும் போய் வந்தார்கள். அது கி.பி. 629இல் கட்டப்பட்டது என்பது அவ்வூர் மரபு.

திரும்பும் வழியில் ராஜபாளையம் அருகே ரயிலிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இஷாவை நான்கு ரக்அத்தாகத் தொழுவதா, கஸ்ராக இரண்டா? ரயில் முதலில் சிவகாசியைத் தொடும், பிறகுதான் விருதுநகர். சிவகாசி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஆனால் சாமான்கள் இன்னும் விருதுநகரில். அப்படியானால் சொந்த ஊர் எது? நான் மிகவும் ரசித்த கேள்வி இது. பணம் கொடுத்ததால் மட்டும் ஓர் ஊர் இருப்பிடமாகிவிடாது, குடியேற வேண்டும். எனவே அன்றிரவு அவர்களுக்குச் சிவகாசி வழியிலுள்ள மற்றுமோர் ஊரே. விருதுநகர் எல்லைக்குள் நுழையும் வரை அவர்கள் பயணிகள். ரயிலில் தொழுதால் இரண்டு ரக்அத், வீடு வந்து தொழுதால் நான்கு. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே இனி வாரந்தோறும் போய் வந்தாலும் கஸ்ர் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்தத் தொலைவு அரை மணி நேர ரயில் பயணம்தான்.

ஜனவரி முதல் வாரத்தில் குடியேறினார்கள். ஸலாம் சொல்லி நுழைந்து, அரிசியும் உப்பும் குர்ஆனும் முதலில் கொண்டு போனார்கள். உப்பு முதலில் போனால் பரக்கத் என்று நம்பினால் தவறு. சமையலுக்கு வேண்டும் என்று போனால் நல்லதே. எதிர்வீட்டம்மா, "பால் காய்ச்சலையா?" என்று கேட்டார். காய்ச்சினார்கள், தேநீராக்கி அவருக்கும் கொடுத்தார்கள். புதுவீட்டு விருந்துக்கு அரபியர் வகீரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வகீராவில் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவும் இருந்தது.

சாமான்களை அடுக்கும்போது பரணில் ஓர் அட்டைப் பெட்டி கிடைத்தது. முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்ற பட்டாசு. இந்த ஊரில் இது வியப்புக்குரியதன்று, ஆனால் அடுப்பெரியும் அறைக்கு மேலே அது இருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட வெடிவிபத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. பிறர் பொருள் என்பதால் அதை எறியவும் மருமகன் தயங்கினார். அமானத் ஆயிற்றே. வீட்டுக்காரர் மூலம் அந்த மனிதரின் எண்ணைப் பெற்றுக் கேட்டபோது, எனக்கு வேண்டாம், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். எதிர்வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கீழே பெரிய வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாக அமிழ்த்தினார். குர்ஆன் ஓதக் கூடியிருந்த நாங்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தோம். அன்று மாலை பகரா சூராவின் ஒரு பகுதியை ஓதி முடித்தபோது, அவர் வீட்டுக்கும் ஒரு தட்டு பிரியாணி போனது. பொங்கலன்று அங்கிருந்து கரும்பு வந்தது.

அக்கா இப்போது மாதம் ஒருமுறை சிவகாசிக்கு வந்து இரண்டு நாள் தங்குகிறார். மாடிப்படியைத் திட்டுகிறார், வீட்டைத் திட்டுவதில்லை. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது, நவம்பர் இறுதியில் முடிகிறது. அந்நேரம் மருமகனுக்கு அச்சகத்தில் மூச்சுவிட நேரமிராது. புதுப்பிக்கும் பேச்சை அக்டோபரிலேயே முடித்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.